தீர்மானம் எண் பதினான்கு

வேலங்கரணை ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்த அன்று
எங்களிடம் வந்து இறங்கியவை:
பச்சை பீரோ ஒன்று, சாவி இல்லை.
பல்பு மாற்றும் மூங்கில் ஏணி ஒன்று.
நாய் வில்லைக்கு எண் அடிக்கும் இரும்பு அச்சு.
தீர்மானப் புத்தகங்கள் பதினொன்று.
இரண்டைக் கரையான் முன்பே வாசித்து முடித்திருந்தது.

மண்டல அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர்.
ஸ்கேன் செய்யச் சொன்னார்கள்.
படிக்கச் சொல்லவில்லை. படித்தேன்.

1961. ஊருக்கு முதல் மின்கம்பம்.
எங்கே நடுவது என்று நான்கு கூட்டம்.
ஐந்தாவதில் பெருமாள் கோயில் முனை என்று முடிவாயிற்று.
காலனிக்கு வெளிச்சம் ‘பின்னர் பரிசீலிக்கப்படும்.’
பின்னர் என்றால் 1973.
அந்தக் கூட்டத்துக்குத் தேநீர்ச் செலவு மூன்று ரூபாய் நாற்பது காசு.
டம்ளர்கள், இரு வகை, தனிக் கணக்கு.

1966. பள்ளிக்கு மணி வேண்டும் என்று தலைமையாசிரியர் மனு.
மணிக்குப் பணமில்லை.
தாம்பரத்திலிருந்து தண்டவாளத் துண்டு கொண்டுவந்த
வண்டிக்கூலி மட்டும் அனுமதிக்கப்பட்டது.

1979. மாதா கோயில் ஒலிபெருக்கிக்கும்
கங்கையம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கும் தகராறு.
இரண்டு குழாய்களையும் ஏரிப் பக்கம்
திருப்பிக் கட்டுவதென ஒருமனதாகத் தீர்மானம்.
கொக்குகள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

பிறகு 1998, தீர்மானம் எண் பதினான்கு.
ஏரியின் போக்குக் கால்வாயைத் தூர்த்து
சமுதாயக் கூடமும் ஆறு கடைகளும் கட்டுவது.
முன்மொழிந்தவர் தலைவர் வரதராஜுலு.
வழிமொழிந்தவர் தேவசகாயம்.
‘உறுப்பினர் திருமதி கன்னியம்மாள் ஆட்சேபித்தார்.
காரணம் பதியப்படவில்லை.’
கீழே அவர் கையெழுத்து,
கோட்டில் நிற்காமல் இரண்டு வரி உயரத்துக்கு.

கூடத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.
என் அக்காவின் நிச்சயதார்த்தம் அங்கேதான்.
போலியோ சொட்டு மருந்து, வாக்குச்சாவடி,
சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன சபாபதியைப்
பிடித்து உட்காரவைத்த இரவு,
எல்லாம் அங்கேதான்.
காலனிக் கல்யாணத்துக்கு மட்டும்
சாவி வைத்திருந்தவர் எப்போதும் வெளியூர் போயிருப்பார்.

ஒரு டிசம்பரில் ஏரி தன் பழைய வழியைக் கேட்டு வந்தது.
முதலில் பந்திக் கூடம். அப்புறம் மணமகள் அறை.
விடியும்போது மொட்டை மாடியில்
இரு வகை டம்ளர்க்காரர்களும்
ஒரே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
வடிந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முழங்கால் சேற்றோடு வந்த பொறியாளர் கேட்டார்:
‘இந்தத் தண்ணி முன்னாடி எப்படிய்யா போச்சு?’
பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.
போனில் படம் எடுத்துக்கொண்டார்.
‘அந்தம்மா ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்கு’ என்றார்.

அடுத்த ஞாயிறு கன்னியம்மாளைத் தேடிப் போனேன்.
இப்போது குடியிருப்பு வாரிய அடுக்குமாடியில், ஏழாவது தளத்தில்.
லிப்ட் வேலை செய்யவில்லை.
மத்தி ஆய்ந்துகொண்டே கேட்டார்:
‘அதெல்லாமா எழுதி வச்சிருக்காங்க?’

ஏன் ஆட்சேபித்தீர்கள் என்றேன்.
‘ஆறு நாற்காலி, ஏழு பேரு.
ரெண்டு வருசம் நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்.
அன்னிக்கு முட்டி வலி.
எதைக் கேட்டாலும் கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன்.’
கொஞ்ச நேரம் செதில் மட்டும் தெறித்தது.
‘தண்ணிக்காகவும் சொல்லியிருக்கலாம்.
மழைன்னா எங்க பக்கம்தானே மொதல்ல ஏறும்.
எதுக்குச் சொன்னேன்னு
இப்ப நானே சொன்னா பொய்யாப் போயிடும்.’

திங்கட்கிழமை கணினியில் அந்தப் பக்கத்தை ஏற்றினேன்.
ஆட்சேபத்தின் காரணம் என்று ஒரு கட்டம்.
தண்ணீர், நாற்காலி என்று தட்டினேன்.
ஒரு காரணத்தை மட்டுமே உள்ளிடவும் என்றது திரை.

மதிய உணவு நேரம் முடிந்தது.
சொத்துவரிக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது.
கட்டம் இன்னும் திறந்தே கிடக்கிறது.